வெற்றியின் மறைவில் தேய்ந்த தாக்குதல்: அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அணி, 2021–2024

2023ஆம் ஆண்டுப் பருவத்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 14 ஆட்டங்களில் 216 புள்ளிகள் எடுத்தது. 207 புள்ளிகள் கொடுத்தது. மிஞ்சிய ஒன்பது புள்ளிகளை வைத்துக்கொண்டு 10 ஆட்டங்களை வென்று, பிக் டென் கூட்டமைப்பின் மேற்குப் பிரிவில் முதலிடமும் பெற்றது. அடுத்த ஆண்டு 13 ஆட்டங்களில் 360 எடுத்து 232 கொடுத்தது. மிஞ்சியவை 128, வென்றவையோ எட்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குக் கணக்கில் பிழை இருக்குமோ என்ற ஐயம் எழும். பிழை ஏதும் இல்லை. ஒரு கல்லூரி அணியின் தாக்குதல் ஏன் சில பருவங்களில் படுத்துவிடுகிறது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் போதாமல் போவதை இந்த இரு வரிகளே காட்டிவிடுகின்றன. நல்ல ஆட்டக்காரர்கள் பட்டம் பெற்றுப் போய்விட்டார்கள், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு அடிபட்டுவிட்டது, பயிற்சியாளருக்குத் திறமை போதவில்லை என்பவையே அந்த விடைகள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அயோவா அணியின் வீழ்ச்சி ஒரு பருவத்தில் நேர்ந்ததன்று. மூன்று பருவங்களாகப் படிப்படியாகச் சேர்ந்தது அது. அப்படிச் சேரவிட்டது தோல்வியும் அன்று. தொடர்ந்து கிடைத்த வெற்றி. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதம் பிடிபட, ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். 100 யார்டு நீளமுள்ள களத்தில் பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். மூன்று முயற்சிகளிலும் முன்னேற முடியாத அணி பெரும்பாலும் நான்காவதில் பந்தை எதிரணியின் எல்லைக்கு அருகில் போய் விழும்படி உதைத்துவிடும். இதற்குப் பெயர் பண்ட். தாக்குபவர்கள் பதினொருவர், தடுப்பவர்கள் வேறு பதினொருவர், உதைக்கும் தருணங்களுக்கு இன்னொரு குழு. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரும் தன் முறை வரும்போது மட்டையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஓர் அணியின் மட்டைவீச்சு மோசம் என்றால் அதன் சுமை எல்லார் தலையிலும் விழும். இங்கே அப்படியில்லை. தாக்குதல் பிரிவுக்கும் தடுப்புப் பிரிவுக்கும் தனித்தனி ஆட்டக்காரர்கள், தனித்தனிப் பயிற்சியாளர்கள், தனித்தனிக் கூட்ட அறைகள். ஒரு பிரிவு நலிந்தாலும் மற்றொன்று தன்போக்கில் செழிக்கலாம். தன் செழிப்பால் நலிந்ததன் நலிவை மூடியும் வைக்கலாம். ஆனால் பலகையில் ஏறுவது ஒரே எண்ணிக்கைதான். தடுப்புப் பிரிவினர் எதிரணியின் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி எடுத்த ஏழு புள்ளிகளும், தாக்குதல் பிரிவினர் 80 யார்டு உழைத்து எடுத்த ஏழு புள்ளிகளும் அங்கே ஒன்றாகவே தெரியும்.

ஆட்டக்காரர் வெளியேற்றத்தால் வரும் சரிவு எப்படி இருக்கும் என்பதை முதலில் பார்ப்போம். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 2019இல் ஆட்டத்துக்குச் சராசரி 48.4 புள்ளி எடுத்து, 15 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து புள்ளி பெற்றுத்தரும் டச்டவுன் வீச்சுகளை 60 முறை வீசிய குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அவரோடு சேர்த்து அந்த அணியிலிருந்து 14 பேர் தொழில்முறை அணிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வீச்சுத் திட்டத்தை வகுத்த ஜோ பிரேடியும் போய்விட்டார். 2020இல் சராசரி 32க்கு இறங்கியது; வெற்றி தோல்வி ஐந்துக்கு ஐந்து. கிளெம்சன் பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். குவார்ட்டர்பேக் டிரெவர் லாரன்ஸும் பந்தோடு ஓடும் டிராவிஸ் எட்டியெனும் போன பின் 2020இன் 43.5 புள்ளிச் சராசரி 2021இல் 26.3 ஆயிற்று. இவ்வகைச் சரிவு செங்குத்தானது. காரணமும் காலமும் எல்லாருக்கும் தெரியும். அடுத்த பருவமே சீரமைப்பும் தொடங்கிவிடும். கல்லூரி ஆட்டத்தில் ஒருவர் ஆடக்கூடியது பொதுவாக நான்கு பருவங்கள்தான் என்பதால், இத்தகைய மேடுபள்ளம் அதன் இயல்பிலேயே உள்ளது.

அயோவாவின் வரைபடம் வேறு மாதிரி. 2020இல் எட்டு ஆட்டங்களில் சராசரி 31.8 புள்ளி எடுத்த அணி, 2021இல் 23.4, 2022இல் 17.7, 2023இல் 15.4 என்று இறங்கியது. ஆட்டத்துக்கு முன்னேறிய தூரம் 2021இல் 303.7 யார்டு, 2022இல் 251.6, 2023இல் 234.6. நாட்டின் உயர்நிலைப் பிரிவில் ஆடிய 130 அணிகளில் 121ஆவது இடம், பிறகு 131இல் 130ஆவது, பிறகு 133இல் கடைசி. இதே மூன்று பருவங்களில் அணி பெற்ற வெற்றிகள் 10, 8, 10. செங்குத்துச் சரிவு எங்கும் இல்லை. ஆண்டுக்கு ஒரு படியாக இறக்கம். முதல் படி இறங்கியபோதே யாரேனும் கைகொடுத்திருந்தால் மூன்றாம் படிக்கு வந்திருக்க வேண்டியதில்லை. ஏன் எவரும் கைகொடுக்கவில்லை என்பதுதான் ஆய்வுக்குரிய கேள்வி.

இறக்கம் தொடங்கிய இடம் முன்வரிசை என்று கருதுகிறேன். 1999 பருவத்திலிருந்து தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் கர்க் ஃபெரன்ட்ஸ், 1980களில் இதே பல்கலைக்கழகத்தில் முன்வரிசைப் பயிற்சியாளராக இருந்தவர். அவருடைய தாக்குதல் முறையின் அச்சு, பக்கவாட்டு ஓட்டம். பந்து நகர்ந்த நொடியில் முன்வரிசையின் ஐவரும் ஒரே பக்கமாக, ஒரே தாளத்தில் அடியெடுத்து வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு எதிரில் உள்ளவரை மோதித் தள்ளுவதில்லை. தன் பங்கு நிலப்பரப்புக்குள் யார் வருகிறாரோ அவரைத் தோளால் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துச் செல்கிறார். பின்னாலிருந்து பந்தோடு ஓடிவரும் ரன்னிங் பேக் அந்த நகரும் சுவரைப் பார்த்தபடியே வந்து, அது எங்கே பிளக்கிறதோ அங்கே ஒற்றைக் காலை ஊன்றித் திரும்பி நுழைகிறார். ஐவரில் ஒருவர் அரை அடி தாமதித்தாலும் பிளவு தோன்றாது. நான்கு யார்டு கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்று கிடைக்கும். அதன் பின் நிகழ்வதெல்லாம் சங்கிலிபோலத் தொடர்வது. முதல் முயற்சியில் ஒரு யார்டு என்றால் மூன்றாம் முயற்சியில் எட்டு யார்டு தேவைப்படும். எட்டு யார்டு தேவை என்றால் பந்து வீசப்படும் என்பது எதிரணிக்குத் தெரிந்துவிடும். ஓடுவதுபோல் பாசாங்கு செய்து வீசும் உத்தி இம்முறையின் இரண்டாவது தூண். ஓட்டத்தைக் கண்டு எதிரணி அஞ்சினால்தான் பாசாங்கு பலிக்கும். அஞ்சாத தடுப்பாளர் நேராகக் குவார்ட்டர்பேக்கை நோக்கி வருவார்.

2021 முடிய இந்தச் சுவரின் நடுவில் சென்டராக நின்றவர் டைலர் லிண்டர்பாம். நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதை அந்த ஆண்டு பெற்று, 2022இல் தொழில்முறை அணித் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த லோகன் ஜோன்ஸ் அதுவரை தடுப்புப் பிரிவில் ஆடியவர். 2022 வசந்தகாலப் பயிற்சியில்தான் சென்டர் நிலைக்கு மாற்றப்பட்டார். லிண்டர்பாமும் ஒரு காலத்தில் அப்படி மாற்றப்பட்டவரே. அயோவாவின் வழி அதுதான்: பெரிதாகப் பேசப்படாத பள்ளி மாணவர்களை எடுத்து, எடைப்பயிற்சிக் கூடத்தில் இரண்டு மூன்று ஆண்டு உருவாக்கி, பிறகு களமிறக்குவது. மிக மதிக்கத்தக்க வழி, அதில் ஐயமில்லை. ஆனால் அதற்குக் காலம் தேவை. ஐவரும் ஒருசேர முதிர்ந்த ஆண்டுகளில் முறை அழகாக ஓடும். ஐவரும் ஒருசேர இளையவர்களாக இருக்கும் ஆண்டுகளில் முறை முழுவதும் தடுமாறும். இடைப்பட்ட ஆண்டுகளைத் தாண்டுவதற்கு வேறொரு வழி கைவசம் இருக்க வேண்டும். அயோவாவிடம் அது இல்லை. அது இல்லாதது ஏன் உறுத்தவில்லை என்பதற்கு 2021ஆம் ஆண்டே சான்று.

அந்த ஆண்டு தடுப்புப் பிரிவு 25 வீச்சுகளை இடைமறித்து நாட்டிலேயே முதலிடம் பெற்றது. இந்தியானாவுக்கு எதிரான தொடக்க ஆட்டத்தில் ரைலி மாஸ் என்ற தடுப்பாளர் ஒருவரே இரண்டு இடைமறிப்புகளை டச்டவுனாக்கினார். மேரிலாந்துக்கு எதிராக 51 புள்ளி. அந்த ஆட்டத்தில் எதிரணி ஏழுமுறை பந்தைப் பறிகொடுத்தது. அக்டோபரில் அயோவா தேசியத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. இரண்டாம் இடத்தில் உள்ள அணியின் தாக்குதல் நோயுற்றிருக்கிறது என்று சொல்பவரை அப்போது யார் செவிமடுத்திருப்பார்கள்? இடைமறிப்பு என்பது திறமையும் தற்செயலும் கலந்தது. ஓராண்டு 25 கிடைத்தால் மறுஆண்டும் அதே அளவு கிடைக்கும் என்று எவரும் திட்டமிட முடியாது. 2022இல் நிலைமை இன்னும் வெளிப்படையாயிற்று. ரட்கர்ஸை 27–10 என வென்றபோது இரண்டு டச்டவுன்கள் தடுப்புப் பிரிவு எடுத்தவை. ஒஹையோ மாநில அணியிடம் 10–54 எனத் தோற்றபோது அயோவாவின் ஒரே டச்டவுனும் தடுப்பாளர் ஒருவர் எடுத்தது. கென்டக்கியை 21–0 என வென்ற பருவ இறுதிப் பௌல் ஆட்டத்தில் 14 புள்ளிகள் இடைமறிப்பிலிருந்து வந்தவை. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம், ஒரு படி கீழ்நிலைப் பிரிவைச் சேர்ந்த தென் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிரானது. அயோவா 7–3 என வென்றது. அந்த ஏழில் டச்டவுன் ஒன்றும் இல்லை: கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுத்த ஒரு ஃபீல்டு கோலுக்கு மூன்று, எதிரணி ஆட்டக்காரரை அவர்களுடைய எல்லைக்குள்ளேயே மடக்கிப் பிடித்ததற்கு இரண்டு, மறுபடியும் அதேபோல் இரண்டு. தாக்குதல் பிரிவு பத்துமுறை பண்ட் உதைக்க வேண்டிவந்தது. ஆயினும் பதிவேட்டில் அது ஒரு வெற்றி.

இங்கே முதல் மறுப்பு எழும்: அயோவாவுக்குக் கிடைத்த ஆட்டக்காரர்களின் தரம் அவ்வளவுதான், வேளாண் மாநிலத்தின் நடுவில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு வீச்சைப் பிடிக்கும் விரைவான ரிசீவர்கள் வருவதில்லை. இம்மறுப்புக்கு இரண்டு ஆட்டக்காரர்களின் கதையே போதுமான விடை. சாம் லபோர்ட்டா 2022இல் அயோவாவின் டைட் எண்ட், அதாவது முன்வரிசையோடு நின்று தடுக்கவும் வீச்சைப் பிடிக்கவும் வேண்டியவர். அந்தப் பருவம் முழுவதும் அவர் பிடித்த டச்டவுன் ஒன்றே ஒன்று. 2023இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்குப் போய், முதல் ஆண்டிலேயே 86 வீச்சுகளைப் பிடித்து, தொழில்முறை லீகில் புதுமுக டைட் எண்ட் எவரும் அதுவரை எட்டாத எண்ணிக்கையை எட்டினார். சார்லி ஜோன்ஸின் கதை இன்னும் கூர்மையானது. 2021இல் அயோவாவில் அவர் பிடித்தவை 21. தூரம் 323 யார்டு. 2022இல் அதே கூட்டமைப்பைச் சேர்ந்த பர்டூவுக்கு மாறினார். பெரும்பாலும் அதே எதிரணிகளுக்கு எதிராக 110 பிடித்து, 1,361 யார்டும் 12 டச்டவுனும் எடுத்தார். ஓராண்டில் ஒருவருக்கு ஐந்து மடங்கு திறமை கூடிவிடாது. திறமை இருந்தது, அதைப் பயன்படுத்தும் அமைப்புதான் இல்லை. 2021 முதல் ஆட்டக்காரர்கள் ஓராண்டு காத்திருக்காமலேயே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்ற விதி வந்துவிட்டதால், பயன்படாத திறமை தங்கியும் இருப்பதில்லை. அடுத்து வரவேண்டிய ரிசீவர் இந்த எண்களைப் பார்த்துத்தானே முடிவெடுப்பார்? ஆக, திறமைக் குறைவு என்று கண்ணுக்குத் தெரிவதில் ஒரு பகுதி நலிவின் காரணமே அன்று, நலிவின் விளைவு.

இரண்டாவது மறுப்பு காயம். 2023இல் அது சாதாரணக் காரணமில்லை என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். மிச்சிகனிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாரா ஐந்தாவது ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தை இழந்தார். டைட் எண்ட் லூக் லாச்சி மூன்றாவது ஆட்டத்தில் வீழ்ந்தார். மிச்சிகனிலிருந்தே வந்த மற்றொரு டைட் எண்ட் எரிக் ஆல், ஏழாவது ஆட்டத்தில் போனார். மாற்று குவார்ட்டர்பேக் டீக்கன் ஹில்லின் வீச்சுகளில் பாதிக்கு மேல் இலக்கை எட்டவில்லை. இவ்வளவு அடிகளை எந்த அணிதான் தாங்கும்? ஆனால் மெக்நமாரா இன்னும் ஆடிக்கொண்டிருந்த நான்காவது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பென்சில்வேனியா மாநில அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அயோவா 33 முயற்சிகளில் 76 யார்டு மட்டுமே முன்னேறியது. முயற்சிக்கு இரண்டேகால் யார்டுக்குச் சற்றே கூடுதல். எதிரணியோ 97 முயற்சிகள் ஆடியது. இன்னொரு செய்தியும் உண்டு. ஏழு ஆட்டங்களோடு பருவத்தை முடித்துக்கொண்ட எரிக் ஆல் எடுத்த 299 யார்டுதான் அந்த ஆண்டு அணியிலேயே மிகுதியான பிடிப்புத் தூரம். பாதிப் பருவம் ஆடாதவர் பருவ முடிவிலும் முதலிடத்தில் நிற்கிறார் என்றால், அவருக்கு அடுத்த வரிசையில் எவருமே உருவாக்கப்பட்டிருக்கவில்லை. காயம் எல்லா அணிக்கும் வரும். 2023இல் அது ஏற்கெனவே தேய்ந்திருந்த ஒன்றின் மீது விழுந்தது. அதனால்தான் அணி கடைசி இடத்துக்குப் போயிற்று.

மூன்றாவது விளக்கம் ஆளைக் குறிவைக்கிறது. பொதுவெளியில் மிகுதியாகப் பேசப்பட்டதும் அதுவே. தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக 2017 முதல் இருந்தவர் தலைமைப் பயிற்சியாளரின் மகன் பிரையன் ஃபெரன்ட்ஸ். உறவினர் நியமன விதியின்படி அவர் தந்தைக்குக் கீழன்றி, விளையாட்டுத் துறை இயக்குநருக்கு நேரடியாகப் பொறுப்பானவர் என்று ஏற்பாடு. மாணவராக முன்வரிசையில் ஆடிய அவரிடம் 2022இல் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி தரும் பொறுப்பும் சேர்ந்தது. குறைகூற இடமிருக்கிறது. ஆயினும் 2020இல் 31.8 புள்ளி எடுத்த தாக்குதலை நடத்தியவரும் இவரேதான். ஒரே ஆள், இரண்டு விளைவு. ஆகவே ஆள் மட்டுமே காரணம் ஆகமாட்டார். உறவின் பங்கை வேறோர் இடத்தில் தேட வேண்டும்: அது நலிவை உண்டாக்கவில்லை, திருத்தத்தைத் தள்ளிப்போட்டது. 2023 பிப்ரவரியில் வெளியான திருத்திய ஒப்பந்தம் இதைத் தெளிவாக்குகிறது. சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைந்தது. அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுத்து, ஏழு ஆட்டங்களையாவது வென்றால்தான் ஒப்பந்தம் நீளும். 13 ஆட்டங்களுக்கு 325 புள்ளி என்று கணக்கு. அந்தக் கணக்கில் தடுப்புப் பிரிவு எடுக்கும் புள்ளிகளும் சேரும். தாக்குதலின் நலத்தை அளக்க வகுத்த அளவுகோலே தடுப்பின் பங்கையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. நலிவை ஒப்புக்கொண்ட தருணத்திலும் அதைத் தனியே பிரித்துப் பார்க்க நிர்வாகத்தால் முடியவில்லை. பிரையன் அடுத்த பருவம் தொடரமாட்டார் என்று இடைக்கால இயக்குநர் பெத் கெட்ஸ் 2023 அக்டோபர் 30 அன்று அறிவித்தபோது அணி ஆறு வென்று இரண்டு தோற்றிருந்தது. அறிவிப்புக்கு முந்தைய ஆட்டம் மினசோட்டாவிடம் 10–12 எனக் கண்ட தோல்வி. வெற்றிகள் தொடர்ந்தவரை வராத முடிவு, இரண்டு புள்ளியில் ஒரு தோல்வி கண்டதும் வந்தது.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் மறுப்பு நான்காவது. இது நலிவே அன்று, தேர்வு என்கிறது அது. ஃபில் பார்க்கர் நடத்திய தடுப்புப் பிரிவு 2022, 2023 பருவங்களில் ஆட்டத்துக்கு 13 முதல் 15 புள்ளிதான் கொடுத்தது. 2023இல் நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராயில்ஸ் விருது அவருக்கே கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டோரி டெய்லர் அந்த ஆண்டு 93 பண்ட் உதைத்தார், சராசரி 48.2 யார்டு. மொத்தம் 4,479 யார்டு. 1938 முதல் நிலைத்திருந்த பருவச் சாதனை முறிந்தது. தாக்குதல் பிரிவு அந்தப் பருவம் முழுவதும் முன்னேறிய தூரம் ஏறத்தாழ 3,280 யார்டு. உதைப்பவரின் கால் தாக்குதலைவிட அதிக நிலத்தைக் கடந்தது. இப்படி இரண்டு கைகளிலும் வலிமை உள்ள பயிற்சியாளர் ஏன் ஆபத்தான வீச்சுகளை வீசச் சொல்ல வேண்டும்? பந்தைப் பறிகொடுக்காமல் மூன்று முயற்சியை முடித்து, உதைத்து, எதிரணியை அதன் எல்லையருகே அடைத்து, அது தவறு செய்யும்வரை காத்திருப்பதே அறிவுடைமை ஆகாதா? ஒரு சனிக்கிழமையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆகும் என்றே நானும் சொல்வேன். விஸ்கான்சினை 15–6 என வென்ற ஆட்டத்தில் லெஷான் வில்லியம்ஸின் 82 யார்டு ஓட்டம் ஒன்றும் டெய்லரின் பத்து உதைகளும் போதுமானவையாக இருந்தன.

ஆனால் தேர்வு என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: தேவைப்படும்போது வேறொன்றைத் தேர்ந்துகொள்ள முடிய வேண்டும். 2023இல் அயோவா மூன்று ஆட்டங்களில் தடுப்பையும் உதையையும் மட்டும் நம்பி நிற்க முடியாத எதிரணிகளைச் சந்தித்தது. பென்சில்வேனியா மாநில அணியிடம் 0–31. கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் மிச்சிகனிடம் 0–26. சிட்ரஸ் பௌலில் டென்னசியிடம் 0–35. மூன்றும் சேர்ந்து 0–92. எதிரணி முந்திய பிறகு துரத்த வேண்டிய நிலை வந்தது. துரத்தும் வழி இந்த அணிக்குத் தெரியவில்லை. மெதுவாக ஆடியதால் எண்கள் சிறுத்துத் தெரிகின்றன என்ற வாதமும் நிற்காது. ஒரு முயற்சிக்குக் கிடைத்த சராசரி யார்டிலும் அணி கடைசிச் சில இடங்களிலேயே இருந்தது. முதல் ஆண்டு தேர்வாக இருந்தது மூன்றாம் ஆண்டில் இயலாமையாக மாறியிருந்தது. மாறிய வழியும் விளங்காததன்று. கடினமான வீச்சுகளை ஆட்டத்தில் வீசிப் பார்க்காத குவார்ட்டர்பேக் அவற்றைக் கற்பதில்லை. பந்து வராத ரிசீவர் வெளியேறுகிறார். வீச்சுக்கு அஞ்சாத எதிரணி எட்டுப் பேரை முன்னே நிறுத்துகிறது. எட்டுப் பேருக்கு எதிரே இளைய முன்வரிசை மேலும் நெரிபடுகிறது. ஒவ்வொரு வாரமும் அறிவுடையதாகத் தெரிந்த முடிவுகள் மூன்று ஆண்டில் ஒன்றுகூடி, எவரும் விரும்பியிராத இடத்துக்கு அணியைக் கொண்டுவந்தன.

2024இன் எண்களை எதிர்ச்சான்றாகக் காட்டலாம்: தாக்குதல் மேம்பட்டும் வெற்றி குறைந்ததே, பழைய வழிதானே மேல்? நெருக்கமாக முடிந்த ஆட்டங்களை எண்ணினால் இதற்கு விடை கிடைக்கும். 2023இல் ஏழு புள்ளிக்குள் முடிந்தவை ஆறு. அயோவா ஐந்தை வென்றது. நெப்ராஸ்காவை மூன்று புள்ளியில், நார்த்வெஸ்டர்னை மூன்றில், இலினாயை இரண்டில். 2024இல் அத்தகையவை நான்கு, மூன்றில் தோல்வி. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற வேறோர் அணியிடம் ஒரு புள்ளியில், லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் மூன்றில், மிசௌரியிடம் மூன்றில். இரண்டு மூன்று புள்ளி இடைவெளியில் முடியும் ஆட்டங்களில் ஓர் உதை கம்பத்துக்கு உள்ளே போவதும் வெளியே போவதும் முடிவை மாற்றிவிடும். மிஞ்சிய புள்ளிகளின் கணக்கே வலிமைக்கு நம்பத்தக்க அளவு. அது ஒன்பதிலிருந்து 128 ஆயிற்று. வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் 2023ஐ நல்ல ஆண்டென்றும் 2024ஐச் சறுக்கல் என்றும் வாசிப்பார். அந்த வாசிப்புத்தான் முந்தைய மூன்று ஆண்டுகளும் நடந்தது.

கிளெம்சன் இவ்விடத்தில் மீண்டும் நினைவுக்கு வரவேண்டும். என் வாதத்தை அது திருத்துகிறது. 2022இல் 11 ஆட்டங்களை வென்று கூட்டமைப்புப் பட்டமும் பெற்ற அணி அது; ஆயினும் பருவம் முடிந்ததும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரை மாற்றியது. அங்கே வெற்றி எதையும் மறைக்கவில்லை. காரணம், 2016இலும் 2018இலும் தேசியப் பட்டம் வென்ற அந்த நிறுவனத்துக்குப் பதினொன்று போதாது. அயோவாவில் எட்டும் பத்தும் மரியாதைக்குரிய எண்கள். பெரிய நகரங்களும் பெரும் ஆள்சேர்ப்புக் களங்களும் இல்லாத மாநிலத்தில் அவற்றை ஆண்டுதோறும் பெறுவது எளிய காரியமுமன்று. ஆகவே வெற்றி தானாகக் கண்ணை மறைப்பதில்லை. எவ்வளவு வென்றால் போதும் என்று ஓர் அணி கருதுகிறதோ அதைத் தொடும்போது மறைக்கிறது. தம் எல்லையை அறிந்து, அதற்குள் பொறுமையாக உழைக்கும் அணிகளுக்கே இந்த ஆபத்து மிகுதி என்பது வருத்தம் தரும் முடிவு. அந்தப் பொறுமைமீது எனக்குள்ள மதிப்பு அதனால் குறையவில்லை.

2024 சனவரியில் டிம் லெஸ்டர் தாக்குதல் பொறுப்புக்கு வந்தார். பந்து நகர்வதற்கு முன்பே ஆட்டக்காரர்களை இடம்மாற்றி எதிரணியைக் குழப்பும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். பழைய பக்கவாட்டு ஓட்டத்தை அவர் கைவிடவில்லை. லோகன் ஜோன்ஸ் உள்ளிட்ட முன்வரிசையும் அதற்குள் முதிர்ந்திருந்தது. ரன்னிங் பேக் கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி 21 டச்டவுன் எடுத்தார். முன்வரிசை முதிர்ந்தால் ஓட்டம் மீளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வீச்சு மட்டும் மீளவில்லை. அதில் அயோவா நாட்டின் கடைசிச் சில அணிகளில் ஒன்றாகவே இருந்தது, பருவத்துக்குள் மூன்று குவார்ட்டர்பேக்குகள் மாறினார்கள். உள்ளேயே உருவாகியிருக்க வேண்டிய குவார்ட்டர்பேக்கைக் கடைசியில் வெளியிலிருந்துதான் அழைத்துவர நேர்ந்தது. 2025 பருவத்துக்காக வந்தவர் மார்க் கிரனோவ்ஸ்கி. வந்த இடம் தென் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம். 2022 செப்டம்பரில் அயோவா டச்டவுனே எடுக்காமல் 7–3 என வென்ற அந்த ஆட்டத்தில் எதிரணியின் குவார்ட்டர்பேக் அவர்தான். அன்று தோற்றுத் திரும்பிய அவருடைய அணி அந்தப் பருவத்தில் அதன் பிறகு ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. தன் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது.